பீபி சபூராவின் வாசற்படி

முல்தான், ஹரம் வாசல் உட்புறம்
12 பிப்ரவரி 1989

அன்புள்ள கரம் அண்ணனுக்கு,

பக்தாவரின் சலாம். மஸ்கட் வெயிலிலும் தூசியிலும் அல்லாஹ் உனக்கு நிழலாக இருக்கட்டும். இங்கே அத்தைக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊரில் அப்பாவின் முழங்கால் மட்டும் பழையபடிதான்.

நீ எழுதியபடியே முல்தானுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அப்பா என்னை பஸ் நிலையத்தில் அத்தையிடம் ஒப்படைத்துவிட்டு, அதே பஸ்ஸில் ஷுஜாபாத்துக்குத் திரும்பிப் போனார். மாமரம் பூக்கிற நேரம், தோப்பை விட்டு இருக்க முடியாது என்றார். ஒரு மாதம் இருக்கச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஷம்ஷாத் அத்தையின் கடை பீபி சபூரா தர்காவின் வாசலை ஒட்டி இருக்கிறது. வேண்டிக்கொண்டு கட்டுகிற நூல், ஊதுவத்தி, ரோஜா இதழ், அகல் விளக்கு. நான் கூடையின் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியுமே. முதல் நாள் ஒரு அம்மாள் நூல் என்ன விலை என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. விரலைக் காட்டினேன். அவள் என்னை ஊமை என்று நினைத்து, தலையில் கைவைத்து ஓதி, இரண்டு ரூபாயை மடியில் போட்டுவிட்டுப் போனாள். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "இப்படியே இருடி. நூல் விக்கறத விட இதுல வரும்படி ஜாஸ்தி."

பீபியின் தர்காவுக்குள் ஆண்கள் போகக் கூடாது. படியோடு சரி. காவல் இருப்பவள் மாயி ஜன்னத் என்கிற கிழவி. போன வெள்ளிக்கிழமை ஒரு போலீஸ் அதிகாரி சமாதிக்குப் போர்வை சாத்த வந்தார். படியில் கால் வைத்தவரைத் தடியால் மறித்தாள்.

"நான் யார் தெரியுமா? சர்க்கார்!" என்றார் அவர்.

"சர்க்கார் வெளிய நிக்கட்டும். சர்க்காரோட பொண்டாட்டி உள்ள வரட்டும்."

அவர் நின்றார் அண்ணா. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலில், அரை மணி நேரம்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. தப்பிருந்தால் சிரிக்காதே. 

உன் தங்கை
பக்தாவர்


மஸ்கட்
3 மார்ச் 1989

என் அருமைத் தங்கை பக்தோவுக்கு,

அண்ணனின் துஆ எப்போதும் உன் தலைமேல் இருக்கும். உன் கடிதத்தைப் படித்து எங்கள் அறையிலிருந்த ஆறு பேரும் சிரித்தோம். போலீஸ் கதையை மட்டும் மூன்று முறை படித்துக் காட்டச் சொன்னார்கள். நான் நலம். தண்ணீர் லாரியை மாற்றித் தந்திருக்கிறார்கள். இதில் கதவு ஒழுங்காக மூடுகிறது.

ஜாம்பூர்க்காரர் ஒருவர் ஊருக்கு வருகிறார். அவரிடம் ரோஜா நிறப் பட்டுத் துணி, இரண்டு சோப்பு, அத்தர் ஒரு குப்பி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். துணியை உடனே தைக்கக் கொடு. பெருநாளுக்கு என்று வைத்திருக்காதே. வீட்டுக்கு யாராவது வந்தால் போட்டுக்கொள்.

முல்தான் நல்ல ஊர். அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம். பெரியவர்கள் முன்னால் வழக்கம்போல அமைதியாக இரு. அதுதான் உனக்கு அழகு.

அன்புடன்
கரம் உசேன்


முல்தான்
22 மார்ச் 1989

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு தொழுகையையும் முடிக்கிறேன். பட்டுத் துணி வந்து சேர்ந்தது. அத்தை அன்றைக்கே தைக்கக் கொடுத்தாள். அது ஏன் என்று இப்போது தெரிகிறது.

போன வியாழக்கிழமை ஜலால்பூரிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். அத்தை எனக்குப் பட்டு உடையைப் போட்டு நடுவில் உட்காரவைத்தாள். அவர்களில் மூத்தவள் என் முகவாயைத் தூக்கிப் பார்த்தாள். பல்லைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எங்க ரசூல் பக்ஷுக்கு உன்னக் கேட்டு வந்திருக்கோம். சம்மதமா மகளே?"

அந்தப் பெயரை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். அண்ணா, எனக்குச் சொல்ல வேண்டியது இருந்தது. அது தொண்டை வரைக்கும் வந்தது. நான்கு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டுக் கண்கள். என்னால் முடியவில்லை.

இரண்டாம் தடவை கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டாள். பிறகு, "பாத்தீங்களா, வெக்கத்தப் பாத்தீங்களா! கன்னிப் பொண்ணு வாய மூடினா அதுதான் சம்மதம்" என்று சொல்லி, கற்கண்டை என் வாய்க்குள் தள்ளிவிட்டாள். சிவப்பு முக்காடு என் தலையில் விழுந்தது. எல்லோரும் முபாரக் சொன்னார்கள். கற்கண்டு கரையும்வரை நான் அழக்கூட இல்லை.

அவர்கள் போன பிறகு அத்தையைக் கேட்டேன். ரசூல் பக்ஷுக்கு முப்பத்தாறு வயதாம். எனக்குப் பதினாறு. முதல் மனைவி இரண்டு வருடமாகத் தாய்வீட்டில் இருக்கிறாளாம். "ஏன்?" என்றேன். "கை ஒடிஞ்சிடுச்சு. படியில விழுந்துட்டாளாம்" என்றாள் அத்தை. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தமாம் இது. நான் அங்கே போனால் அவருடைய தங்கை நூரான் நம் வீட்டுக்கு உனக்கு மனைவியாக வருவாள். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்.

அண்ணா, இது உனக்குத் தெரியுமா?

பக்தாவர்


மஸ்கட்
30 ஏப்ரல் 1989

அன்புத் தங்கைக்கு,

என் துஆ. நோன்பு மாதம் என்பதால் உடனே பதில் எழுத முடியவில்லை. இங்கே நோன்பு ரொம்பச் சிரமம். பகல் முழுவதும் தண்ணீரை ஓட்டிக்கொண்டு போகிறேன், ஒரு சொட்டுக் குடிக்க முடியாது. அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம்.

அப்பாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததா என்று கேட்டு எழுது. இந்த வருடம் மாங்காய் காய்ப்பு எப்படி? புயல் காற்று அடித்ததா? அத்தை கடையில் வியாபாரம் எப்படி?

பட்டு உடை உனக்குப் பொருத்தமாக இருந்ததாக அத்தை சொல்லி எழுதியிருந்தார்கள். சந்தோஷம்.

ஈத் முபாரக்.

கரம் உசேன்


முல்தான்
18 மே 1989

அண்ணனுக்குச் சலாம்.

எல்லோரும் நலம். தைலம் கிடைத்தது. காய்ப்பு நன்றாக இருக்கிறது. புயல் காற்று இரண்டு தடவை அடித்தது. வியாபாரம் பரவாயில்லை.

உன் கேள்விகள் நான்குக்கும் பதில் சொல்லிவிட்டேன். நான் கேட்டது ஒன்றுதான்.

பக்தாவர்


மஸ்கட்
9 ஜூன் 1989

பக்தோவுக்கு,

துஆ. நீ இவ்வளவு சுருக்கமாக எழுதுவாய் என்று நினைக்கவில்லை. முல்தான் உன்னை மாற்றிவிட்டது.

அப்பா முடிவு செய்திருக்கிறார். பெரியவர்கள் யோசித்துச் செய்வதை நாம் குடைந்து கேட்பது நல்லதல்ல. அவர்களுக்குச் சொந்த நிலம் இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது. எருமை நான்கு. ரசூல் பக்ஷ் கோபக்காரர் என்று சொல்வார்கள். கோபமில்லாத ஆண் எங்கே இருக்கிறான்? உன்னைப்போல் வாய் பேசாத பெண்ணிடம் யாருக்குக் கோபம் வரும்?

ஜூலை பத்தாம் தேதி எனக்கு ஒரு மாத விடுமுறை தொடங்குகிறது. பக்ரீத் முடிந்து இருபதாம் தேதி இரண்டு நிக்காஹ்வும் ஒரே பந்தலில். முஹர்ரம் பிறைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நம் பக்கத்தில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பது உனக்கே தெரியும். விடுமுறையை நீட்டவும் மாட்டார்கள். நீ ஜூன் கடைசியில் ஊருக்குப் போய்விடு. அப்பா வந்து அழைத்துக்கொள்வார்.

கரம் உசேன்


பீபி சபூரா தர்கா, உள்ளே
30 ஜூன் 1989

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். பீபியின் அருளால் நலம். ஆனால் ஊரில் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு விரல்விட்டு எண்ணினேன். முஹர்ரம் பிறை ஆகஸ்ட் நான்காம் தேதி வாக்கில் தெரியும். ஜூன் இருபத்தாறிலிருந்து எண்ணினால் சரியாக நாற்பது நாள். மாயி ஜன்னத்தைப் போய்ப் பார்த்தேன். அவள் கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் நின்றேன். நிறைய நேரம் நின்றேன்.

"என்ன, ஊமப் பொண்ணே?"

"நான் ஊமை இல்ல. சில்லா உட்காரணும்" என்றேன். முல்தான் வந்து முன்பின் தெரியாதவரிடம் நான் பேசிய முதல் வார்த்தைகள் இவை.

அவள் பொறுக்குவதை நிறுத்தினாள். சில்லா என்றால் விளையாட்டா? நாற்பது நாள் படி தாண்டக் கூடாது, ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. "வேண்டுதல் என்ன?" என்று கேட்டாள்.

"எங்கிட்ட கேக்காம என்ன யாரும் குடுக்கக் கூடாது."

மாயி ஜன்னத் கையிலிருந்த கல்லைத் தூக்கி எறிந்தாள். "இருபத்தெட்டு வருஷமா இங்க இருக்கேன். புள்ள வரம், புருஷன் வரம், எருமைக்குப் பால் வரம். இது புதுசா இருக்கு. உட்காரு."

அப்படித்தான் உள்ளே வந்தேன். மேற்கு மூலையில் ஒரு சிறு அறை. மேலே வெண்ணிறக் கண்ணாடிபோல் வெயில். கீழே நீல ஓடு, கன்னத்தை வைத்தால் குளிர்ச்சி.

அத்தைக்கு என்மேல் கோபம் அடங்கவில்லை. ஆனால் தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு பருப்பும் ரொட்டியும் கொண்டுவருகிறாள். "ரொட்டி கொண்டாறேன்னா உன் பக்கம்னு நெனச்சுக்காத. உங்கப்பன் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அப்பா நேற்று வந்தார். நான் அறைக்குள் இருந்தேன், குரல் நன்றாகக் கேட்டது. 

"பக்தோ! வெளிய வா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் படியில் கால் வைத்திருக்க வேண்டும். தடி தரையில் இடிக்கிற சத்தம் கேட்டது.

"செருப்பும் அங்கயே, காலும் அங்கயே" என்றாள் மாயி ஜன்னத்.

"என் பொண்ண நான் கூப்பிடறேன், நீ யாரு?"

"கூப்பிடு. யாரு வேணாங்கறா? தொண்ட இருக்கு, கூப்பிடு."

"அவளே வெளிய வரலன்னா இழுத்துட்டுப் போவேன்!"

உள்ளே நூல் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி சொன்னாள், "சில்லாவக் கலச்சவன் வீட்டுல அடுப்பு எரியாது, சாச்சா. யோசிச்சுக்கோ." இன்னொருத்தி, "அவருக்கு எதுக்கு அடுப்பு? பொண்ணுங்களத்தான் தள்ளிவிட்டுடுறாரே, யாரு சமைக்க?" என்றாள். ஒரே சிரிப்பு.

அப்பா இரண்டு மணி நேரம் நின்றார். "என் மானத்த வாங்கிட்டா" என்று அத்தையிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அந்த முழங்காலோடு அவர் நிற்கிறார் என்பதுதான் காரணம். எழுந்து வாசல்வரை வந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் படிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்துவிட்டேன். தாண்டவில்லை.

என் எண்ணம் உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். ஒளிந்துகொள்ளவில்லை. எங்கே இருக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

பக்தாவர்


பீபி சபூரா தர்கா
9 ஜூலை 1989

அண்ணா,

சலாம். நீ புறப்பட்டிருப்பாய். இந்தக் கடிதம் அங்கே போய்ச் சேருமோ என்னவோ. அதனால் இதை அத்தையிடம் கொடுத்து வைக்கிறேன். வந்ததும் படி.

நூரான் வந்திருந்தாள். பெரிய முக்காடு, அண்ணிக்குத் துணையாக வந்ததாகச் சொல்லிக்கொண்டு. அண்ணி என்றது அவளுடைய சித்தப்பா மருமகளை. அவளை வெளியே நூல் வாங்க நிறுத்திவிட்டு நேராக என் அறைக்கு வந்தாள். என்னைவிட உயரம். மூக்கு நுனியில் மச்சம். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"நீதான் பக்தாவரா? இத்தினூண்டு இருக்க. ரெண்டு வீட்டையும் நிறுத்தி வச்சிருக்க!"

நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"உன்னால என் கல்யாணம் நின்னு போகும். எனக்கு இருபத்திரண்டு வயசு. தெரியுமா உனக்கு?"

"உங்க அண்ணன் பொண்டாட்டிக்குக் கை எப்படி ஒடிஞ்சுது?" என்று கேட்டேன்.

அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். குடித்துவிட்டு, "எங்க வீட்டுல படியே கிடையாது" என்றாள்.

புறாக்கள் சத்தம். அவள் எழுந்து போகும்போது சொன்னாள், "உங்கப்பா மேல கோவப்படாத. உங்கண்ணன்தான் மொதல்ல என்னக் கேட்டு ஆள் அனுப்பினாரு. போன வருஷம் நவம்பர்ல. மாத்துக்குப் பொண்ணு வேணும்னு எங்கண்ணன் சொன்னப்ப, சரின்னு ஒரே வாரத்துல கடுதாசி போட்டாரு. நான் பாத்தேன் அந்தக் கடுதாசிய."

நவம்பரில். என்னை முல்தானுக்குப் போகச் சொல்லி நீ எழுதியது ஜனவரியில்.

பட்டுத் துணியை மாயி ஜன்னத்திடம் கொடுத்துவிட்டேன். பீபியின் விளக்கு துடைக்கக் கிழித்துக்கொண்டாள். பட்டு எண்ணெயை உறிஞ்சவில்லை, ஒன்றுக்கும் உதவாத துணி என்று திட்டினாள்.

பக்தாவர்


தர்கா வாசல், அத்தை கடை
18 ஜூலை 1989

பக்தோ,

ஊதுவத்திப் பொட்டலக் காகிதத்தில் எழுதுகிறேன். இதை அத்தை உள்ளே கொண்டுவருவார்கள்.

காலையிலிருந்து நிற்கிறேன். வாசலில் இருபது ஜோடிச் செருப்பு கிடக்கிறது. எது உன்னுடையது என்று பார்த்தேன். தெரியவில்லை. மூன்று வருடத்தில் உன் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நாளை மறுநாள் நிக்காஹ். பந்தல் போட்டாகிவிட்டது. ஜலால்பூர்க்காரர்கள் முன்னால் அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். வெளியே வா. முகம் பார்த்துப் பேசுவோம். நான் உன் அண்ணன்.

கரம்


உள்ளே
அதே நாள்

அண்ணா,

உனக்குச் சலாம். மெலிந்திருக்கிறாய் என்று அத்தை சொன்னாள். சாப்பிட்டாயா?

என் செருப்பு அங்கே இல்லை. வெளியே விட்டால் அப்பா எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று உள்ளே வைத்திருக்கிறேன்.

நான் வர மாட்டேன். பந்தலைப் பிரிக்கச் சொல். நீ விரும்பினால் ஒன்று செய். யார் முதலில் கேட்டது, யார் சரி என்று எழுதிக் கொடுத்தது, அதை அங்கே நின்று வாயால் சொல். கத்திச் சொல். இங்கே பத்து அடிதான், கேட்கும். சொன்னால் எழுந்து படிவரை வந்து உன் முகத்தைப் பார்க்கிறேன்.

சொல்லாமல் நின்றால், அந்த மௌனத்துக்கு இதுதான் அர்த்தம் என்று நானாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு அப்படிச் செய்தார்கள். நான் யாருக்கும் செய்ய மாட்டேன்.

பக்தாவர்


மஸ்கட்
6 செப்டம்பர் 1989

பக்தாவருக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்கிறேன்.

அன்றைக்கு அந்தி மக்ரிப் பாங்கு சொல்லும்வரை அந்த வாசலில் நின்றேன். வாயைத் திறந்தேன். சுற்றிலும் பெண்கள், பூக்காரர்கள், அந்தக் கிழவியின் தடி. ஒரு வார்த்தை வரவில்லை. உன்னைப்போலவே. திரும்பிப் போய்விட்டேன்.

இப்போது எழுதுகிறேன். நான்தான் கேட்டேன். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் நூரானைப் பார்த்தேன். அவள் யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தாள். இங்கே லாரி ஓட்டும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான். மாற்றுப் பெண் இல்லாமல் தர மாட்டேன் என்றார் அவள் அண்ணன். உன்னை நினைத்தேன். நீ ஒன்றும் சொல்ல மாட்டாய் என்று நினைத்தேன். நீ எப்போதுமே ஒன்றும் சொன்னதில்லை.

ஆனால் ஒன்று. என்மேல் தப்பு இருக்கட்டும், நீ செய்தது மட்டும் சரியா? ஜலால்பூர்க்காரர்கள் முன்னால் பந்தலைப் பிரித்தேன். மூங்கிலை ஒவ்வொன்றாக நானே இறக்கினேன். என் வீட்டைக் கட்டும் முன்பே உடைத்துவிட்டாய்.

முஹர்ரமுக்கு அடுத்த சபர் மாதமும் முடிந்ததும் ஜலால்பூர்க்காரர்கள் மறுபடி வருவார்களாம். அப்பா எழுதியிருந்தார். நான் அவருக்கு வேண்டும் என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை.

கரம்


முல்தான்
15 அக்டோபர் 1989

அன்புள்ள கரம் அண்ணனுக்கு,

பக்தாவரின் சலாம். மஸ்கட்டில் வெயில் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். அத்தைக்கு லேசான இருமல். அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை, ஆனால் அத்தையிடம் என் உடம்பைப் பற்றி விசாரித்தாராம்.

நாற்பது நாள் முடிந்து ஆகஸ்ட் ஐந்தாம் தேதி காலையில் நானாகப் படி தாண்டினேன். யாரும் வந்து அழைக்கவில்லை. நேராக அத்தை கடையில் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தேன். இப்போது விலையை வாயால் சொல்கிறேன். நூல் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு ரூபாய். அத்தை சொல்கிறாள், "நீ ஊமையா இருந்தப்பவே நமக்கு நல்ல காலம்டி."

நீ கேட்டாய், நான் செய்தது சரியா என்று. யோசித்துப் பார்த்தேன். உன் வீட்டை நான் உடைக்கவில்லை அண்ணா. நீ வீடு கட்டிக்கொள். நன்றாகக் கட்டிக்கொள். என்னைச் செங்கல்லாக வைத்துக் கட்டாதே. அவ்வளவுதான் நான் சொன்னது.

ஜலால்பூர்ப் பெண்கள் வந்தார்கள். அதே நான்கு பேர், அக்டோபர் ஐந்தாம் தேதி, அத்தை வீட்டுக்கு. இந்தத் தடவை அப்பாவும் வந்து வெளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் மாவு பிசைந்த கையோடு போய் உட்கார்ந்தேன். மூத்தவள் கேட்டாள், "போனது போகட்டும். எங்க ரசூல் பக்ஷுக்குச் சம்மதமா மகளே?"

"இல்ல" என்றேன்.

அவளுக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அல்லது கேட்டும் நம்பவில்லை. இரண்டாம் தடவை கேட்டாள்.

"இல்ல."

"வெக்கத்துல சொல்றா" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மூன்றாம் தடவையைக் கேட்க அவள் யோசித்தாள். நானே சொன்னேன், "மூணாவது தடவையும் கேளுங்க. கணக்குக் கொறையக் கூடாது." குரல் நடுங்கியது. நடுங்கினாலும் வெளிக்கூடம்வரை கேட்கிற மாதிரி சொன்னேன். அவள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் மூன்றாவது "இல்ல"வையும் சொல்லிவிட்டேன். கொண்டுவந்த கற்கண்டுப் பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அத்தை அவர்கள் பின்னாலேயே தெருமுனைவரை போய், "பொண்ணோட பல்லப் பாத்தீங்களே, இப்ப நாக்கையும் பாத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் என் பக்கம் இல்லையாம். இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இது உனக்குக் கஷ்டமாக இருக்கும். உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எழுத வந்தது வேறு.

முந்தாநாள் பகலில் கடை முன்னால் குதிரை டோங்கா ஒன்று நின்றது. நூரான் இறங்கினாள். தனியாக வந்திருந்தாள், கையில் ஒரு துணி மூட்டை. என்னைப் பார்த்து, "அந்த மேக்கு மூல அறை காலியா இருக்கா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாயி ஜன்னத் வேண்டுதல் என்ன என்று கேட்டபோதுதான் புரிந்தது. நூரான் சத்தமாகச் சொன்னாள், தெருவில் பூ விற்கிறவன்கூடத் திரும்பிப் பார்த்தான். "என்னக் குடுக்கறதுன்னா மாத்து வாங்காம குடுக்கணும். நான் கேக்கற ஆளுக்குக் குடுக்கணும். இல்லன்னா யாருக்கும் வேண்டாம்."

"ஒண்ணு பழகிடுச்சு, இனிமே வரிசையா வருவாளுங்க. கோதும பத்தாது" என்று மாயி ஜன்னத் முணுமுணுத்தாள். ஆனால் பாயை அவளே விரித்துக் கொடுத்தாள்.

நேற்று ரசூல் பக்ஷ் வந்தார். அவரை நான் முதன்முதலாகப் பார்த்தேன். படிக்கு வெளியே நின்று கத்தினார். கடையிலிருந்த விளக்குக் கூடையைக் காலால் தள்ளினார். ஏழு விளக்கு உடைந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எழுந்து நின்று, "ஏழு வெளக்கு. காசு வச்சிட்டுக் கத்துங்க" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். காசு வைக்கவில்லை. இன்றைக்கும் வந்து நிற்கிறார். படி தாண்டவில்லை.

நூரானுக்கு ரொட்டி கொண்டுபோவது நான்தான். உனக்கு இதையெல்லாம் எழுதச் சொல்லி அவள் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. அதனால் கேட்டேன். "எங்கண்ணனுக்கு எழுதட்டுமா?" கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எழுது" என்றாள். "நல்லாப் புரியறமாரி எழுது" என்றாள்.

புரிகிற மாதிரி எழுதுகிறேன். அவளுடைய நாற்பது நாள் நவம்பர் இருபத்தொன்றில் முடிகிறது. அதற்குள் யாராவது ஜலால்பூருக்குப் போய், அவள் அப்பா முன்னால் உட்கார்ந்து, மாற்றுப் பெண் தர மாட்டேன், ஆனால் உங்கள் மகளைக் கேட்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கடிதத்தில் இல்லை. ஆள் அனுப்பியும் இல்லை. வாயால். ரசூல் பக்ஷ் பக்கத்திலேயே நிற்பார். அவருக்குக் கோபம் வரும்.

அப்பா போக மாட்டார். நான் போனால் கதவைத் திறக்க மாட்டார்கள்.

விடுமுறை கிடைக்கவில்லை என்று எழுதாதே.

உன் தங்கை
பக்தாவர்